எதிர்ப்பு வரும் என்பதற்காக எங்கள் பேரணியை மறுக்கலாமா?

பெயர், ஊர், நாடு எதையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு வந்த கடிதம் இது. எழுதியவர் ஒரு திருநம்பி. தன்பாலீர்ப்பாளர்கள், இருபாலீர்ப்பாளர்கள், திருநர்கள், இடைப்பாலினர் என ஏறக்குறைய நாற்பது பேர் கொண்ட குழு ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து நடத்துகிறார். இதுவரை அவர்கள் கூடியதெல்லாம் வீடுகளுக்குள்தான். இந்த ஆண்டு முதல்முறையாக நகரின் முக்கியச் சாலையில் வானவில் பேரணி நடத்த முடிவெடுத்து, நாள், நேரம், வழித்தடம் எல்லாம் குறிப்பிட்டுக் காவல்துறைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பேரணிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

எழுத்தில் பதில் வரவில்லை. அழைத்துப் பேசிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். ஆனால் ஒரு மத அமைப்பு அதே நாளில் எதிர்ப்பு ஊர்வலம் அறிவித்திருக்கிறது, மோதல் வரும், "உங்கள் பாதுகாப்புக்காகவே வேண்டாம் என்கிறேன்" என்றிருக்கிறார். நடத்தியே தீருவோம் என்றால் மூன்று நிபந்தனைகள்: ஊருக்கு வெளியே உள்ள மைதானத்துக்குப் போக வேண்டும், கூடுதல் காவலர்களுக்கான செலவைக் கட்ட வேண்டும், வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். குழுவுக்குள்ளும் இப்போது இரண்டு கட்சி. அனுமதி வந்தாலும் வராவிட்டாலும் நடப்போம் என்கிறார்கள் சிலர். பேசாமல் ஒரு அரங்குக்குள் நடத்திவிடலாம் என்கிறார்கள் மற்றவர்கள்.

"பெரும்பான்மை மக்களுக்குப் பிடிக்காததைச் செய்துவிட்டு அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியுமா? அவர்களுடைய ஊர்வலத்தைத் தடை செய்யச் சொல்லலாமா? கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான். யாருக்காவது அடிபட்டால் நான்தானே பொறுப்பு?" என்று கேட்கிறார். தன் நாட்டில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் பழைய சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது என்றும், அதன்கீழ் வழக்குப் போடுவது அரிது என்றும் கடைசியில் சேர்த்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் முழுக்க ஏதோ தவறு செய்துவிட்டவர்போல எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைச் சரிசெய்துவிடலாம். நாற்பது பேர் ஒருநாள் சாலையில் நடந்துபோய், ஒரு சதுக்கத்தில் நின்று பேசிவிட்டு வீடு திரும்பப் போகிறீர்கள். அடிதடி வரும் என்றால் அதைத் தொடங்கப்போவது நீங்கள் இல்லை. தொடங்குகிறவர்களைத் தடுக்க வேண்டியதும், அவர்களிடமிருந்து உங்களைக் காக்க வேண்டியதும் காவல்துறையின் வேலை. இந்த வரிசை உங்கள் மனதில் தலைகீழாகியிருக்கிறது. அந்த அதிகாரியின் பேச்சிலும் அப்படித்தான். நான் கீழே எழுதுவது பெரும்பாலும் அதை நிமிர்த்தி வைப்பதற்காகத்தான்.

நாட்டின் பெயரைச் சொல்ல முடியாது என்பதால் உள்நாட்டுச் சட்டத்துக்குள் இங்கே போகவில்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை உங்கள் நாடும் ஏற்றிருக்கிறது. 1966இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றி, 1976இல் நடைமுறைக்கு வந்த இந்த உடன்படிக்கைக்கு இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகள் கட்டுப்பட்டிருக்கின்றன. அமைதியாகக் கூடும் உரிமை அதன் 21ஆம் பிரிவு. அந்தப் பிரிவை எப்படிப் புரிந்துகொள்வது என்று, உடன்படிக்கையை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா எனக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 2020 ஜூலையில் விரிவான விளக்கம் ஒன்றை வெளியிட்டது. பொதுக் கருத்துரை எண் 37 என்பது அதன் பெயர். காவல்துறைக்கு எழுதும்போதும் நீதிமன்றத்துக்குப் போகும்போதும் அதை மேற்கோள் காட்டுங்கள். கூடவே ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் சில தீர்ப்புகளையும் சொல்கிறேன். அவை உங்கள் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் பிரச்சினை அப்படியே அங்கே வந்திருக்கிறது, தீர்ந்தும் இருக்கிறது. அந்த வாதங்களைக் கேட்க உங்கள் நீதிபதிக்குத் தடை ஏதும் இல்லை.

கேட்பது அனுமதியா, கொடுப்பது தகவலா?

கடிதத்தில் பத்து இடத்திலாவது "அனுமதி" என்று எழுதியிருக்கிறீர்கள். அமைதியாகக் கூட அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற ஏற்பாடே இது அடிப்படை உரிமை என்ற எண்ணத்தைக் குலைக்கிறது என்பது மனித உரிமைக் குழுவின் நிலைப்பாடு. முன்கூட்டித் தகவல் கேட்கலாம். போக்குவரத்தை மாற்றிவிடவும், காவலர்களை நிறுத்தவும் அது தேவை. உள்நாட்டுச் சட்டத்தில் "அனுமதி" என்றே எழுதியிருந்தாலும், மறுக்க வலுவான காரணம் இல்லாதபோது அது தானாகக் கிடைக்க வேண்டும். அதாவது, நடைமுறையில் அது தகவல் கொடுப்பதுபோலத்தான் இயங்க வேண்டும்.

இதனால் உங்களுக்கு என்ன லாபம்? உங்கள் நிகழ்ச்சி ஏன் நல்லது, ஏன் ஆபத்தில்லாதது என்று நீங்கள் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கட்டுப்பாடு விதிக்க விரும்புகிறவர்தான் காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணம் சட்டத்தில் இருக்க வேண்டும், உண்மையில் அவசியமானதாக இருக்க வேண்டும், அவசியத்துக்கு மேல் ஒரு அடிகூடப் போகக் கூடாது. "மேலிடத்தில் விரும்பவில்லை", "ஊர் ஒத்துக்கொள்ளாது" என்பதெல்லாம் காரணமே ஆகாது.

பொது ஒழுக்கம் என்ற சொல் 21ஆம் பிரிவிலேயே இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். ஆமாம், இருக்கிறது. ஆனால் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ வெளிப்படுத்துவது பிடிக்கவில்லை என்பதற்காக அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று பொதுக் கருத்துரை வெளிப்படையாகவே சொல்கிறது. இந்த ஒரு வரிக்காகவே அந்த ஆவணத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

"உங்கள் பாதுகாப்புக்காகவே" என்றால்

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இந்தச் சொற்றொடர்தான். கேட்க அக்கறையாக இருக்கும், மறுத்துப் பேசவும் மனம் வராது. அந்த அதிகாரி உண்மையிலேயே அக்கறையோடு சொல்லியிருக்கலாம். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். மிரட்டுகிறவர்கள் ஒரு அறிவிப்பு விட்டால் போதும், உங்கள் உரிமை முடிந்துவிடும். அடுத்த ஆண்டும் அதே அறிவிப்பு வரும்.

மாஸ்கோவில் 2006, 2007, 2008 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு பேரணி மறுக்கப்பட்டது. எதிர்ப்பாளர்கள் வன்முறையில் இறங்குவார்கள் என்பது சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனது. அலெக்ஸெயெவ் எதிர் ரஷ்யா என்ற அந்த வழக்கில் 2010 அக்டோபர் 21 அன்று தீர்ப்பு வந்தது. மோதல் வரலாம் என்ற வெறும் சாத்தியம் தடைக்குப் போதாது என்றது நீதிமன்றம். சிறுபான்மையினர் தங்கள் உரிமையைப் பயன்படுத்தப் பெரும்பான்மையினர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டால் அந்த உரிமைக்கே அர்த்தம் இல்லை என்றும் சொன்னது. உங்கள் முதல் கேள்விக்கான பதில் இதிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் பிடித்த கருத்தைச் சொல்ல யாருக்கும் உரிமைப் பாதுகாப்பு தேவைப்படுவதில்லை. பிடிக்காததைச் சொல்கிறவர்களுக்காகத்தான் 21ஆம் பிரிவு எழுதப்பட்டது.

அப்படியானால் எப்போதுமே தடை செய்ய முடியாதா? முடியும், ஆனால் வாசல் மிகக் குறுகியது. காவல்துறை குறிப்பான ஆபத்தை மதிப்பிட்டிருக்க வேண்டும். கணிசமான காவலர்களை நிறுத்தினாலும் நிலைமை கைமீறும் என்று அந்த மதிப்பீடு காட்ட வேண்டும். தடைக்கு முன்னால், நாளைத் தள்ளிவைப்பது, வழியை மாற்றுவது போன்ற சிறிய கட்டுப்பாடுகளை யோசித்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் சொன்ன "மோதல் வரும்" இதில் எதுவும் இல்லை. ஆகவே அவரிடம் கேளுங்கள்: ஆபத்து மதிப்பீடு செய்தீர்களா, எந்த நாளில், அதில் என்ன இருக்கிறது?

தடுக்காமல் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதும் உரிமை மீறல்தான். 2012 மே 17 அன்று ஜார்ஜியாவின் தலைநகரான டிபிலிசியில் ஏறக்குறைய முப்பது பேர் ஒரு சிறு பேரணி போனார்கள். காவல்துறைக்கு முன்கூட்டியே தெரியும். நூறு பேர் அளவிலான கும்பல் சூழ்ந்து, வசைபாடி, அடித்தது. காவலர்கள் நேரத்தில் குறுக்கே வரவில்லை. ஐடென்டோபா என்ற அமைப்பும் பாதிக்கப்பட்டவர்களும் தொடுத்த வழக்கில் 2015இல் ஜார்ஜியா அரசு பொறுப்பாளி என்று தீர்ப்பானது. கூடும் உரிமையோடு, இழிவாக நடத்தப்படாமல் இருக்கும் உரிமையும் மீறப்பட்டது என்றார்கள். உங்களைப் போன்ற அளவுள்ள குழு என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். நாற்பது பேருக்கு எதற்குப் பாதுகாப்பு என்று யாரும் கேட்க முடியாது.

எதிர்த்தரப்பு ஊர்வலத்தைத் தடுக்கச் சொல்லாதீர்கள்

உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். அமைதியாக நடக்கும்வரை அவர்களுக்கும் அதே 21ஆம் பிரிவுதான். அவர்களுடைய கருத்து உங்களைக் காயப்படுத்தும் என்பது மட்டும் தடைக்குக் காரணமாகாது. வன்முறையைத் தூண்டும் பேச்சு வேறு விஷயம். அதற்குத் தனியாகப் புகார் கொடுங்கள், சுவரொட்டிகளையும் காணொளிகளையும் இன்றே சேமித்து வையுங்கள்.

கொள்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, உங்கள் வழக்குக்கும் இதுதான் நல்லது. எதிர்ப்பாளர்களிடமிருந்து ஊர்வலக்காரர்களைக் காக்க வேண்டியது அரசின் கடமை என்ற கோட்பாட்டை ஐரோப்பிய நீதிமன்றம் 1988இல் சொன்னது யாருடைய வழக்கில் தெரியுமா? ஆஸ்திரியாவில் கருக்கலைப்பை எதிர்த்து ஊர்வலம் போன மருத்துவர்களின் வழக்கில். அந்தக் குறிப்பிட்ட ஊர்வலங்களில் அரசு போதிய முயற்சி எடுத்தது என்றே முடிவானது. ஆனால் எதிர்த்துக் கூடும் உரிமை, மற்றவரின் கூட்டத்தையே முடக்கும் அளவுக்குப் போக முடியாது என்ற வாசகம் அங்கேதான் பிறந்தது. இருபது, முப்பது ஆண்டு கழித்து, உங்களைப் போன்ற பால்புதுமையினர் அதே வாசகத்தைப் பிடித்துக்கொண்டுதான் வென்றார்கள். இரண்டு ஊர்வலமும் நடக்கட்டும், நடுவே காவலர்கள் நிற்கட்டும், நேரத்தையோ தெருவையோ சற்றுப் பிரித்துக் கொடுக்கட்டும் என்று கேட்டால் எந்த நீதிபதியும் அதை நியாயமான கோரிக்கையாகத்தான் பார்ப்பார்.

அந்த மூன்று நிபந்தனைகள்

மைதானம்: யாருக்காகக் கூடுகிறீர்களோ அவர்கள் கண்ணிலும் காதிலும் படும் இடத்தில் கூட முடிய வேண்டும் என்பது பொது விதி. ஆள் இல்லாத மைதானத்தில் நடக்கும் பேரணியை யார் பார்க்கப்போகிறார்கள்? மறுத்துவிடுங்கள். ஆனால் நகருக்குள்ளேயே வேறு தெரு, வேறு நேரம் என்று சொன்னால் உடனே முறுக்கிக்கொள்ள வேண்டாம். இரண்டு மாற்று வழித்தடங்களை நீங்களே எழுதிக் கொடுங்கள். விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தீர்கள் என்பதற்கு அது நாளை ஆவணமாகும்.

காவல் செலவு: கட்ட வேண்டாம். கூட்டத்துக்கான காவல் ஏற்பாட்டுச் செலவைக் கூடுகிறவர்கள் தலையில் கட்டுவது பொதுவாக 21ஆம் பிரிவுக்குப் பொருந்தாது என்று கருத்துரை சொல்கிறது. மிரட்டுகிறவர்கள் எத்தனை பேரோ அத்தனைக்கு நீங்கள் பணம் கட்டுவது என்ன நியாயம்?

பெயர்ப் பட்டியல்: இதில் துளியும் இறங்கிவராதீர்கள். எத்தனை பேர் வரலாம் என்ற எண்ணிக்கையும், பேசுவதற்கு ஒன்றிரண்டு பொறுப்பாளர் பெயரும் போதும். தன்பாலுறவைக் குற்றமாக்கும் சட்டம் உள்ள நாட்டில் அந்தப் பட்டியல் யார் கைக்கும் போகலாம். வேலை போகலாம், வீட்டை விட்டுத் துரத்தப்படலாம், அதைவிட மோசமாகவும் நடக்கலாம். உங்களை நம்பி வருகிறவர்களின் பெயர், கொடுக்க உங்களுடையது அல்ல.

உறவே குற்றம் என்கிற நாட்டில்

பலரும் இங்கேதான் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். "நாங்கள் இருப்பதே குற்றம், இதில் ஊர்வலம் போகும் உரிமை எங்கிருந்து வரும்?" என்ற எண்ணம். பெரும்பாலான பழைய சட்டங்கள் குற்றமாக்குவது ஒரு குறிப்பிட்ட பாலுறவுச் செயலை. ஒருவர் தன்பாலீர்ப்பாளராக இருப்பதையோ, அதைப் பற்றிப் பேசுவதையோ, சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதையோ அவை குற்றமாக்குவதில்லை.

போட்ஸ்வானாவில் அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதே, பால்புதுமையினர் அமைப்பு ஒன்றைப் பதிவு செய்ய மறுத்தது தவறு என்று 2014இல் உயர் நீதிமன்றமும் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லின. சட்டமே நீக்கப்பட்டது அதற்குப் பிறகுதான், 2019இல். கென்யாவில் சட்டம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் 2023 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதேபோன்ற பதிவு வழக்கில் அமைப்பின் பக்கம் நின்றது. இரண்டுமே சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய வழக்குகள். ஆனால் கூடும் உரிமைக்கும் அதே வாதம் பொருந்தும். இந்தியாவில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு முழு பலத்தோடு இருந்த 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் ஏறக்குறைய பதினைந்து பேர் நடந்தார்கள். தெற்காசியாவின் முதல் பேரணியாக அதைச் சொல்வார்கள். வயதுவந்தோரின் மனமொத்த உறவுக்கு 377 பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018இல்தான்.

இதே கேள்வியில் எதிர்த் தீர்ப்புகளும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். உகாண்டாவில் 2012இல் பால்புதுமையினர் நடத்திய ஒரு பயிற்சிப் பட்டறையை அமைச்சர் ஒருவரே வந்து கலைத்தார். 2014இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2023இல் அதே நாடு கொண்டுவந்த கடுமையான சட்டம் "ஊக்குவித்தல்" என்பதையும் குற்றமாக்கியது. ஆகவே நேரில் ஒரு உள்ளூர் வழக்கறிஞரைப் பார்த்து முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நம் சட்டம் செயலை மட்டும் குற்றமாக்குகிறதா, பேச்சையும் பிரசாரத்தையும் சேர்த்தா? பேச்சையும் சேர்த்து என்றால், நான் மேலே சொன்ன துணிச்சலில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். சர்வதேசச் சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், சிறையில் இருக்கப்போவது நீங்கள்.

காலம்தான் அவர்கள் கையில் உள்ள ஆயுதம்

வெளிப்படையாக மறுத்தால் நீங்கள் வழக்குப் போடுவீர்கள். பதிலே சொல்லாமல் இழுத்தடித்தால் நாள் கடந்துவிடும். அப்புறம் தீர்ப்பு வந்து என்ன பயன்? 2005இல் போலந்தின் தலைநகரான வார்சாவில் நடந்தது இதுதான். ஜூன் 11 அன்று நடக்கவிருந்த சமத்துவப் பேரணிக்குப் போக்குவரத்துத் திட்டம் தரவில்லை என்று காரணம் காட்டி மறுத்தார்கள். அதே நாளில் எதிர்த்தரப்புக் கூட்டங்களுக்கு அனுமதி இருந்தது. மேல்முறையீட்டில் அமைப்பாளர்கள் பக்கம் முடிவு வந்தது, ஆனால் குறித்த நாள் போன பிறகு. பான்ச்கோவ்ஸ்கி வழக்கு என்று அழைக்கப்படும் அதில் 2007 மே 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், குறித்த நாளுக்கு முன்னால் கிடைக்காத தீர்வு தீர்வே அல்ல என்ற பொருளில் தீர்ப்பளித்தது. அதிகாரத்தில் இருந்த நகர மேயர் பேட்டியில் முன்கூட்டியே எதிர்ப்பைச் சொன்னதையும் பாகுபாட்டுக்கான காரணங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. உங்கள் ஊரிலும் யாராவது பதவியில் இருப்பவர் இப்படிப் பேசினால் அந்தச் செய்தித்தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆகவே நாளைக்கே செய்ய வேண்டியது: அதிகாரியோடு நடந்த பேச்சை அப்படியே ஒரு கடிதமாக எழுதுங்கள். "இன்ன நாளில், இன்ன நேரத்தில் நீங்கள் இதைச் சொன்னீர்கள், நாங்கள் சரியாகப் புரிந்துகொண்டோமா" என்று தொடங்கினால் போதும். ஆபத்து மதிப்பீட்டின் நகலையும், காரணங்களோடு கூடிய எழுத்து முடிவையும் ஒரு வாரத்துக்குள் கேளுங்கள். கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த மௌனத்தையே மறுப்பாக எடுத்துக்கொண்டு, அவசர வழக்காக நீதிமன்றம் போங்கள். பேரணிக்கு மூன்று வாரம் மிச்சம் இருக்கும்போது போகிறவருக்கும் மூன்று நாள் இருக்கும்போது போகிறவருக்கும் கிடைக்கும் கவனம் வேறு வேறு.

மறுத்துவிட்டால் நடப்பதா, வேண்டாமா?

உரிமை உண்டு என்பதும் பாதுகாப்பு உண்டு என்பதும் ஒன்றல்ல. தகவல் கொடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கூட்டத்தைக் கலைப்பதோ கைது செய்வதோ கூடாது என்று கருத்துரை சொல்கிறது. ஆனால் எழுத்தில் தடை உத்தரவு வந்த பிறகு நடப்பது பல நாடுகளில் அபராதத்துக்கும் கைதுக்கும் இடம் கொடுக்கும். மாஸ்கோ வழக்கில் வென்றவர்களுக்கு என்ன கிடைத்தது? 2012இல் அந்நகர நீதிமன்றம் நூறு ஆண்டுக்கான தடையை உறுதிசெய்தது. இஸ்தான்புல்லில் 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் தடை, ஒவ்வோர் ஆண்டும் சிலர் நடக்கிறார்கள், கைதாகிறார்கள்.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. செர்பியாவின் தலைநகரான பெல்கிரேடில் 2010 பேரணியைச் சுற்றிப் பெரும் கலவரம். அதைக் காட்டி 2011, 2012, 2013 மூன்று ஆண்டும் தடை. அமைப்பாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் விடாமல் தகவல் கொடுத்தார்கள். 2014இல் பலத்த காவலோடு பேரணி நடந்தது. ஹங்கேரியில் 2025 மார்ச்சில் இப்படிப்பட்ட பேரணிகளைத் தடை செய்ய வழிவகுக்கும் சட்டம் வந்தது. வருகிறவர்களை முக அடையாளத் தொழில்நுட்பத்தால் கண்டுபிடித்து அபராதம் போடவும் அதில் இடம் இருந்தது. புடாபெஸ்ட் மேயர் அதை நகராட்சி நிகழ்ச்சியாக அறிவித்தார். ஜூன் 28 அன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடந்தார்கள். பின்னர் மேயர் மீதே காவல்துறை விசாரணை வந்தது. லட்சம் பேர் நடக்கும்போது ஒருவருக்கு வரும் ஆபத்தும் நாற்பது பேர் நடக்கும்போது வரும் ஆபத்தும் ஒன்றல்ல. உங்கள் நண்பர்கள் புடாபெஸ்டை உதாரணம் காட்டினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

என் கருத்தைக் கேட்டால்: நீதிமன்றமும் மறுத்து, எழுத்தில் தடையும் இருந்தால், இந்த ஆண்டு தெருவில் இறங்காதீர்கள். மேல்முறையீடு செய்யுங்கள், உள்நாட்டு வழிகள் முடிந்தால் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் முறையீடு போக முடியுமா என்று பாருங்கள். தனிநபர் முறையீட்டுக்கு வழிசெய்யும் துணை ஒப்பந்தமான முதல் விருப்ப நெறிமுறையையும் உங்கள் நாடு ஏற்றிருந்தால்தான் அந்த வாசல் திறக்கும். அமைதியாகக் கூடும் உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு எழுத அந்தக் கட்டுப்பாடு இல்லை, எந்த நாட்டிலிருந்தும் எழுதலாம். தள்ளிவைப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. 2021 ஜூலை 5 அன்று டிபிலிசியில் கும்பல் ஐம்பதுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்களைத் தாக்கிய நாளில், அமைப்பாளர்கள் பேரணியைக் கைவிட்டார்கள். அதனால் சில உயிர்கள் பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எழுத்தில் தடை எதுவும் வராமல் வெறும் மௌனம் மட்டும் நீடித்தால் நிலைமை வேறு. உள்ளூர் வழக்கறிஞர் ஒப்புக்கொண்டால், நடக்கத்தான் சொல்வேன்.

அரங்குக்குள் நடத்தினால் ஆபத்தே இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2013இல் புக்கரெஸ்டில் ஒரு அருங்காட்சியகத்துக்குள் நடந்த திரையிடலில் எதிர்ப்பாளர்கள் கூட்டமாக உள்ளே நுழைந்து மிரட்டி நிறுத்தினார்கள். காவலர்கள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். 2021இல் ருமேனியா அரசுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. நான்கு சுவருக்குள் கூடுவதும் கூட்டம்தான், அதற்கும் பாதுகாப்பு கேட்கலாம், கேட்டாக வேண்டும்.

உங்கள் கையெழுத்தும் உங்கள் பொறுப்பும்

அமைப்பாளர் தன் நடத்தைக்கு மட்டுமே பொறுப்பு. வேறு யாரோ கல்லெறிந்தால் அதற்கு நீங்கள் குற்றவாளி ஆக முடியாது, உங்களை அடித்தவனுடைய குற்றத்துக்கு நிச்சயமாக முடியாது. சிலர் அத்துமீறினார்கள் என்பதற்காக மொத்தக் கூட்டமும் அமைதியற்றதாகிவிடாது. ஆனால் நியாயமான முன்னேற்பாடு செய்தோம் என்று காட்ட முடிவது நல்லது. தனிச் சட்டை அணிந்த தொண்டர்கள், எதிர்த்தரப்போடு வாய்கொடுக்கக் கூடாது என்ற கறாரான விதி, கலைந்துபோகும் வழி, காவல்துறையோடு பேச ஒரே ஒருவர். மனித உரிமைப் பார்வையாளர்களையும் பத்திரிகையாளர்களையும் அழையுங்கள். காவலர்களின் நடத்தையைப் பதிவு செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. வழக்கறிஞரின் எண்ணை எல்லோரும் கையில் எழுதிக்கொள்ளுங்கள், கைதானால் முதலில் பறிபோவது கைப்பேசிதான்.

இன்னொன்று, பலர் கோட்டை விடும் இடம்: பேரணி முடிந்து வீடு திரும்பும் நேரம். காவலர்கள் கலைந்திருப்பார்கள், நீங்கள் இருவர் மூவராகப் பிரிந்திருப்பீர்கள், கொடியும் முகச்சாயமும் அப்படியே இருக்கும். காவல்துறைப் பாதுகாப்பு கடைசி ஆள் வண்டி ஏறும்வரை வேண்டும் என்று கடிதத்திலேயே கேளுங்கள். மாற்றுச் சட்டை கொண்டுவரச் சொல்லுங்கள்.

வீட்டில் சொல்லாதவர்கள் குழுவில் பாதிப்பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். முகமூடியோ முகச்சாயமோ அணிந்து அடையாளம் தெரியாமல் கலந்துகொள்வதும் அமைதியான பங்கேற்புதான் என்பது கருத்துரையின் நிலை. ஆனால் பல நாடுகளில் முகத்தை மறைப்பதைத் தடுக்கும் உள்நாட்டுச் சட்டம் இருக்கிறது, அதையும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாம், எடுக்க வேண்டாம் என்பதற்கு இரண்டு நிறத்தில் கைப்பட்டை வையுங்கள். வெளியாட்களின் கேமராவை அது தடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வர முடியாதவர்களை யாரும் கோழை என்று பேச விடாதீர்கள். வழக்குக்கான ஆவணங்களைத் தொகுப்பது, அன்று கைப்பேசிக்கு அருகில் இருந்து எல்லோரும் திரும்பிவிட்டார்களா என்று சரிபார்ப்பது என அவர்களுக்கு வேலை நிறைய இருக்கிறது.

அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் உங்களோடு இன்னொருவரும் கையெழுத்திட முடியுமா என்று குழுவில் கேளுங்கள். பாரத்தை ஒருவரே சுமக்க வேண்டாம். எழுத்துப் பதில் வந்ததும் அதன் நகலை, பெயர்களை மறைத்து, எனக்கு அனுப்புங்கள். நீதிமன்ற மனுவுக்கான வாதங்களை அதை வைத்து எழுதித் தருகிறேன்.